கெண்டை பிடித்த பிறகு கதைப்பம்

கண்டிக்கு நான் போனது பெண் கேட்க. மீன் பிடிக்க அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டனில் என் அக்கா இன்றைக்கும் கதையை மாற்றித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

ஒழுங்கு செய்ததும் அவள்தான். பெண்ணின் பெயர் பவானி, கண்டியில் கணக்கு ரீச்சர். தகப்பன் தில்லையம்பலம் யாழ்ப்பாணத்து ஆள். அரசாங்கக் கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலைக்குக் கண்டிக்கு வந்து அங்கேயே பென்சன் எடுத்தவர். தாய் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. எனக்கு முப்பத்தொன்பது முடிந்து, உச்சந்தலை வெளிச்சம் போடத் தொடங்கியிருந்தது. "இன்னும் பிந்தினால் நீ போகத் தேவையில்லை, தொப்பியை மட்டும் அனுப்பி விடு" என்றாள் அக்கா. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. பெண் கேட்க வரவேண்டிய எங்கள் பெரியவர்கள் எல்லாரும் பாதைக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளையே தனியப் போய்த் தனக்குப் பெண் கேட்கிற கேடு எனக்கு வந்தது.

தூண்டில் எப்படி வந்தது என்றால், "தம்பிக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று தில்லையம்பலத்தார் டெலிபோனில் கேட்டிருக்கிறார். குடியும் இல்லை சீட்டும் இல்லை என்று காட்டுகிற அவசரத்தில் அக்கா, "லீவு நாளில குளத்தில கெண்டை பிடிப்பான்" என்றிருக்கிறாள். மற்றப் பக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டதாம். பிறகு, "அப்ப தூண்டில் தடியையும் கொண்டு வரச் சொல்லுங்கோ" என்று குரல் வந்ததாம்.

லண்டனில் நான் வேலை செய்த பெற்றோல் ஷெட் முதலாளி ஒரு கிழமைதான் லீவு தந்தான். அடுத்த ஞாயிறு திரும்பும் பிளேன். தடி போட்ட நீளக் குழாயைக் கட்டுநாயக்கா எயார்போட்டில் றொக்கற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கண்டி லொட்ஜ்காரர் எனக்கு அறைச் சாவி தருவதற்கு முன்பே பொலிசுக்கு அறிவித்தார். வந்த பொலிஸ்காரர் குழாயைத் திறந்து, தடியைப் பொருத்தி, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "எங்கள் ஊரில் இதற்கு ஒரு மூங்கில் கம்பு போதும்."

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குப் போனேன். மலைச்சரிவில் சின்ன வாடகை வீடு, வாசலுக்கு ஏறிப்போவதற்குள் எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. பயித்தம் பணியாரம், உழுந்து வடை, கதலி வாழைப்பழம் எல்லாம் மேசையில். பவானி தேத்தண்ணி கொண்டு வந்தாள். குனிந்து வைத்துவிட்டு உள்ளே ஓடுகிற ஆள் இல்லை. நேரே என் முகத்தைப் பார்த்து, "சீனி காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று கேட்டாள். தேத்தண்ணியில் சீனியே போடவில்லை. நான் "ஓம், நல்லாக் காணும்" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தாள். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன், மறைத்து என்ன பயன்?

தகப்பனோ வேறு உலகத்தில் இருந்தார். திகனைப் பக்கத்து விக்டோரியாக் குளத்தில் அணை கட்டித் தண்ணீர் நிரம்பிய காலம் முதல் ஒரு கெண்டைக்காகக் காத்திருக்கிறாராம். "வலைக்காரனுக்கு வருது. சின்னப் பொடியளுக்கு வருது. எனக்கு மட்டும் வருசக்கணக்கா வரேல்லை" என்றார். நான் தொண்டையைச் செருமி, "ஐயா, அக்கா சொன்ன விசயம்..." என்று தொடங்கினேன்.

"அதுக்கென்ன, கெண்டை பிடிச்ச பிறகு கதைப்பம்."

"எனக்கு ஒரு கிழமைதான் லீவு, ஐயா."

"மீன் வராத நேரந்தான் தம்பி ஒரு மனிசன் ஆரெண்டு தெரியும். என்ர பிள்ளையைக் குடுக்கிறதெண்டால் நான் பாக்க வேணும்தானே?"

தலையை ஆட்டிவிட்டு இன்னொரு வடையை எடுத்தேன்.

திங்கள் விடிய, வாசலில் ஒரு வான் வந்து இருமிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் ஹனிபா, ஊருக்கே நாநா, அதாவது அண்ணன். திகனையில் அரிசியும் கருவாடும் விற்கிறவர், தில்லையம்பலத்தாரின் ஒரே கூட்டாளி. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் இவர்கள் வீடு எரிந்தபோது தகப்பனையும் மகளையும் தன் கடை மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தவர். அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சே விடுவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் கப்பலிலும் பிளேனிலும் ஏறிப் போக, தில்லையம்பலத்தார் அதே தெருவில் வேறு வீடு எடுத்து இருந்துவிட்டார். "ஓட ஏலாது எண்டில்லை, ஓட விருப்பமில்லை" என்று மட்டும் எனக்குச் சொன்னார்.

"வாங்க மாப்புள, ஏறுங்க" என்றார் ஹனிபா நாநா. ஏறுவது லேசா என்ன? வான் கதவைக் கயிற்றால் கட்டவேண்டும், பிறகு இறங்கித் தள்ளவேண்டும், ஓடத் தொடங்கியதும் பாய்ந்து ஏறவேண்டும், திரும்பவும் கதவைக் கட்டவேண்டும். கருவாட்டு மணம் என் லண்டன் ஜக்கெற்றில் அன்றைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை.

வழியில் ஆமிக்காரர் மறித்தார்கள். என் பையைக் கொட்டினார்கள். மீன் கடித்தால் கீ கீ என்று கத்துகிற சின்னப் பெட்டி, அதற்குப் பற்றரி, ஒரு கட்டுத் தூண்டில் தங்கூசி நூல், கெண்டைக்கு இரையாகப் போடுகிற கடினமான சிவப்பு உருண்டைகள். ஒரு தமிழன் பையில் இவை எல்லாம் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹனிபா நாநா சிங்களத்தில் மூச்சுவிடாமல் விளக்கம் சொன்னார். இளம் சிப்பாய் ஒருவன் உருண்டையை முகர்ந்தான். ஸ்ட்ரோபெரி மணம். நம்பாமல் ஒன்றைக் கடித்தான், உடனே துப்பினான். "இதைத் தின்ன மீனுக்கு என்ன பைத்தியமா?" என்று சிங்களத்தில் கேட்டான். உருண்டைகளைத் திருப்பித் தந்தார்கள். கத்துகிற பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னேரம் வந்து எடுக்கச் சொன்னார்கள்.

குளம் என்று சொல்கிறேனே தவிர அது ஒரு கடல். பழைய தார் றோட்டு ஒன்று நேராக இறங்கித் தண்ணீருக்குள் போய்விடுகிறது. அடியில் ஒரு ஊரே கிடக்கிறது, சுவர், கிணறு, பலாமரம் எல்லாத்தோடும். அன்று காலையில் நான் பிடித்தது ஒரு யன்னல் கம்பி, ஒரு பலாக் கொப்பு, மற்றபடி அறுந்த நூல்தான். மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் கரை பின்வாங்கும், நாங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவோம். பிறகு மழைத் தண்ணி வரும், கதிரையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவோம். குளத்தோடு கபடி விளையாடியதுபோல இருந்தது.

இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிறவர்கள் கூடாரத்துக்குள் ஊமை மாதிரி இருப்பார்கள். பக்கத்துக் கூடாரத்தில் ஆள் செத்தாலும் மூன்றாம் நாள்தான் தெரியவரும். இங்கே அப்படியா? வயலுக்குப் போகிறவர், மாடு கட்ட வந்தவர், குளிக்க வந்த பெண்கள், எல்லாருக்கும் சொல்ல ஒரு புத்தி இருந்தது. "அந்தப் பக்கம் போடு", "புழு போடு", "காலையில் வந்திருக்க வேண்டும்." ஒரு வயதான சிங்கள அம்மா, உயிரைக் கொல்வது பாவம் என்று நீண்ட நேரம் சொன்னார். எழும்பிப் போகும்போது திரும்பி, பிடித்தால் தலைப் பக்கத்தைத் தனக்கு வைக்கச் சொன்னார்.

ஒன்றும் வரவில்லை. என் உருண்டைகளைக் குரங்கு ஒன்று பையோடு கொண்டு போய் மரத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கடித்துக் கடித்து எறிந்தது. தில்லையம்பலத்தார் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மீன் வராத நேரத்து மனிசன் நான்தானே!

செவ்வாயும் வெள்ளியும் அவர் வீட்டில் சைவம். மீன் சாப்பிடுவதில்லை என்பது மட்டுமில்லை, தூண்டில் முள்ளையே தொடமாட்டார். புதன் பௌர்ணமிப் போயா. ஊரே வெள்ளை உடுத்துக் கோயிலுக்குப் போகிற நாளில் நாங்கள் தடியோடு திரிந்தால் அடிதான் விழும், அதுவும் நியாயமான அடி. ஒரு கிழமை லீவைக் காலண்டரே தின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் லொட்ஜ் சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பி மாட்டினேன்.

போயாப் பின்னேரம் தில்லையம்பலத்தார் என்னைக் கண்டி நகரத்து வாவிக்குக் கூட்டிப் போனார். அங்கே மீன் பிடிக்கத் தடை. கும்பிட வந்த சனம் பொரி வாங்கிப் போடுகிறது, மீன்கள் கரைக்கே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து, பசித்தவன் சாப்பாட்டுக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டேல்லை" என்றார் அவர்.

"எனக்கும் அப்பிடித்தான் ஐயா" என்றேன், மீனைப் பார்க்காமல் அவரைப் பார்த்து. அவருக்கு விளங்கியது. உடனே பொரி விற்கிறவனைக் கூப்பிட்டு விலை கேட்கத் தொடங்கிவிட்டார்.

வியாழன் விடிய மழை தூறியது. திங்களைப்போலவே தள்ளினோம், திங்களைப்போலவே மறித்தார்கள். அந்தச் சிப்பாய் இப்போது எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான், நான் பெட்டியைக் கொடுத்தேன். மத்தியானம் வரை சுவரும் கொப்பும்தான். சலித்துப்போய், ஹனிபா நாநா தின்னக் கொண்டுவந்த அவித்த கடலையில் ஒரு கைப்பிடி எடுத்தேன். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த, தெருவில் விற்கிற கடலை. மிளகாய்க் காரத்தைக் கழுவி, ஒரு கடலையை முள்ளில் குத்தி, தார் றோட்டு தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் போட்டேன்.

"மனிசன் தின்னுற கடலையை மீன் தின்னுமோ?" என்று தில்லையம்பலத்தார் சிரித்தார். சிரித்த வாய் மூடவில்லை, தடி வளைந்தது.

அப்பப்பா, என்ன இழுவை! நூல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் மரம், நடுவில் றோட்டு அகலத்துக்குத்தான் இடம். "வுடாதீங்க மாப்புள, வுடாதீங்க!" என்று ஹனிபா நாநா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். தில்லையம்பலத்தார் எழும்பி நின்றபடியே நின்றார். மஞ்சள் வயிறும், காசு மாதிரிச் செதிலும், தடித்த உதடுமாக அது மேலே வந்தது. கைவலைக்குள் வாலை மடித்துத்தான் அடங்கியது.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். நனைந்த சாக்கை விரித்தேன். மீனை மெல்லக் கிடத்தினேன். முள்ளைக் கழற்றினேன். காயம் ஏதும் உண்டோ என்று பார்த்தேன். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கி, அது செவுளை அசைக்கும் வரை பிடித்திருந்து, விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் கெண்டைக்கு அதுதான் முறை. பன்னிரண்டு வருசமாகச் செய்கிற வேலை, கை தன்பாட்டில் செய்து முடித்துவிட்டது. வால் ஒரு அடி அடித்துத் தண்ணீர் என் முகத்தில் தெறித்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஹனிபா நாநா இடுப்பளவு தண்ணீரில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"யா அல்லாஹ்! என்னா செஞ்சீங்க மாப்புள? கடல என்ட, வேன் என்ட, சாரமும் நனஞ்சி ஈக்கிது. புடிச்ச மீனுக்குக் கொஞ்சிட்டுப் போய்ட்டு வாண்டு செல்றீங்களே, அது என்னா உங்கட பெரியம்மாட மகளா?"

"நாநா, கைப்பழக்கம்..." என்றேன்.

தில்லையம்பலத்தார் தன் தடியைச் சுருட்டினார். போய் வானுக்குள் ஏறினார். திரும்பிப்போகும் வழி முழுக்க ஒரு சொல் இல்லை. பெட்டியைத் திருப்பித் தந்த சிப்பாய், "மீன் எங்கே?" என்று கேட்டான். ஹனிபா நாநா அவனுக்குச் சிங்களத்தில் கதையைச் சொல்ல, ஆமிக்காரர் நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் பவானியைக் கண்டேன். தேடித்தான் போனேன். அவளும் தேடித்தான் வந்திருக்கிறாள் என்பது, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதில் தெரிந்தது.

"அப்பா நேற்றுச் சாப்பிடேல்லை" என்றாள். "'கையில வந்ததை விட்டிட்டான், கையில வந்ததை விட்டிட்டான்' எண்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்."

"என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?"

"தெரியேல்லை. நான் என்ன நினைக்கிறன் எண்டு கேக்கமாட்டியளோ?"

கேட்டேன். மணியடித்துப் பூசை தொடங்கியதால் இரண்டாம் தரமும் சத்தமாகக் கேட்கவேண்டி வந்தது.

"எனக்குச் சம்மதம்" என்றாள். "ஆனா அப்பாவை அழவிட்டிட்டு நான் வரமாட்டன். அவர் வாயால சொல்ல வேணும். நாளைக்கு நானும் வாறன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளையாருக்கு நான் அன்று உடைத்த தேங்காய் சுக்குநூறாகப் போனது. பக்கத்தில் நின்றவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னை முறைத்தார்.

சனிக்கிழமை, கடைசி நாள். வானைத் தள்ளப் பவானியும் சேர்ந்ததால் கொஞ்சம் கெதியாகப் புறப்பட்டது. என் பிளேன் அடுத்த நாள் காலையில் என்பது எல்லாருக்கும் தெரியும். தில்லையம்பலத்தார் குட்மோணிங் சொன்னார், அவ்வளவுதான். ஹனிபா நாநா ஒரு சட்டி நிறையக் கடலை கொண்டு வந்திருந்தார். எனக்கு ஒன்று தந்து, ஒன்றைத் தின்று, "இண்டக்கி முத்தம் கித்தம் வாணாம்" என்று எச்சரித்தார்.

கடலை போட்டோம். பாண் போட்டோம். அவித்த மரவள்ளிக்கிழங்கு போட்டோம். பவானி கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பார்சலுக்குக் கறி, தகரத்தில் அடைத்து வருகிற ரின் மீன். பெரிய குளத்தின் கரையில் தடியோடு இருந்து நாலு பேரும் ரின் மீன் சாப்பிட்டோம். அதைப் பார்த்துக்கொண்டு போன அந்தச் சிங்கள அம்மா தலையை ஆட்டினார். தண்ணீர் பின்வாங்கியது, போனோம். ஏறியது, வந்தோம். கெண்டை துள்ளுகிற சத்தம் நடுக்குளத்தில் கேட்கும், அங்கே எங்கள் நூல் எட்டாது. பின்னேரம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டத் தொடங்கியது. ஓடிப்போய் வானுக்குள் ஏறிக் கதவைக் கட்டினோம். தள்ளுவதற்கு வெளியே இறங்க வழியில்லை. கருவாட்டு மணத்துக்குள் நாலு பேரும் ஈரத்தோடு குந்தியிருந்தோம்.

இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஐயா, கெண்டை வரேல்லை. விடிஞ்சால் நான் போயிடுவன். கேக்க வந்ததைக் கேட்டிடுறன். பவானியை எனக்குத் தாங்கோ."

தில்லையம்பலத்தார் முன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். ஹனிபா நாநா காரணமில்லாமல் ஸ்ரியறிங்கைத் துடைத்தார்.

"கெண்டை வரக்கூடாதெண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான் தம்பி" என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை.

"இவ்வளவு காலமும் வராத மீன் ஒரு கிழமைக்குள்ள வராதெண்டுதான் அப்பிடிச் சொன்னனான். இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, நீர் நல்ல பெடியன். வியாழக்கிழமை நீர் பிடிச்சோடனை எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. சரி, பிள்ளை போகப்போறாள் எண்டு நினைச்சன். பேந்து நீர் அதை விட்டீர். பிள்ளையார் காப்பாத்திப் போட்டார் எண்டு சந்தோசப்பட்டன். இப்பிடிச் சந்தோசப்படுற நானும் ஒரு தகப்பனோ எண்டு வெக்கமாப் போச்சு. அதுதான் கதைக்கேல்லை." அவர் சால்வை நுனியைக் கையில் எடுத்தார். "இவளும் போனால் அந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிறது?"

ஹனிபா நாநாவுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "நான் என்னா மௌத்தாகி மண்ணுக்குள்ளயா ஈக்கிறன்?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்பா" என்றாள் பவானி, "நீங்களும் வாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன்? உங்களை விட்டிட்டுப் போறன் எண்டு ஆர் சொன்னது?"

"அங்கை வந்து நான் என்ன செய்யிறது? யன்னலுக்குள்ளாலை பனியைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

மழை தகரத்தில் சடசடவென்று விழுந்தது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அங்கை எல்லாரும் பிடிச்ச மீனை விடுறவங்களோ?"

"ஓம் ஐயா, கெண்டையை விட்டிட வேணும். அதுதான் முறை."

"ஒருத்தரும் கொண்டு போய்க் கறி வைக்கிறேல்லையோ?"

"இல்லை ஐயா."

"ஒரு மீன் கூட?"

"ஒரு மீன் கூட இல்லை."

அவர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். கண்ணில் இன்னும் தண்ணீர் நின்றது, முகம் மட்டும் வேறு முகமாகிக்கொண்டு வந்தது.

"அப்ப அந்தக் குளத்தில மீன் குறையவே குறையாதே?"

"குறையாது ஐயா."

பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஹனிபா நாநா ஸ்ரியறிங்கில் தலையை முட்டிக்கொண்டு குலுங்கினார்.

தில்லையம்பலத்தார் அவர்களைப் பார்க்கவே இல்லை. என் முழங்காலில் கையை வைத்தார்.

"விசாவுக்கு எத்தினை போட்டோ குடுக்க வேணும், தம்பி?"